ஐந்து புள்ளி இரண்டு வோல்ட்

அந்த வருடம் ஸ்ஃபாக்ஸ் நகரத்து மாதிரி விமானக் கழகத்தின் பாதுகாப்புச் செயலாளர் நான். அந்த வருடம் அதிகமுறை தரையில் விழுந்து நொறுங்கியதும் என் விமானம்தான். இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. விழுந்ததற்கான காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதும் பொறுப்பும் என்னிடமே இருந்ததால், அறிக்கைகளில் என் பெயர் மிகவும் சுத்தமாக இருந்தது.

என் பெயர் ரவூஃப் கம்மூன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மன்ஸெல் ஷாகெர் சாலையில், பதினாலாவது கிலோமீட்டரில், ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே உழாமல் கிடக்கும் ஒரு பொட்டலில் நாங்கள் பத்துப் பேர் கூடுவோம். ஒரு பல் வைத்தியர், உர ஆலை எஞ்சினியர்கள் இருவர், துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஒயர் வேலை பார்க்கும் லஸாத், இப்படி. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். யாருடைய மனைவியும் அங்கே வந்து பார்த்ததில்லை. கேட்டால், வீட்டில் பார்ப்பதே போதும் என்பார்கள்.

என் விமானத்துக்கு 'குத்தீஃபா' என்று பெயர். எங்கள் பேச்சில் அது தகைவிலான் குருவி. இரண்டு குளிர்காலம் சமையலறை மேசையில் பால்சா என்ற லேசான கட்டையை இழைத்து, ஒட்டி, காகிதம் போர்த்திச் செய்தது. அதுவரை என் மனைவி லத்தீஃபா தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்கினாள். விமானத்தின் வயிற்றில் ஒரு ரிசீவர். நான் கையில் வைத்திருக்கும் பெட்டி அனுப்பும் அலையை அது வாங்கும். அது சொன்னபடி வாலையும் இறக்கை ஓரத்தையும் திருப்ப நாலு சின்ன மோட்டார்கள். இதற்கெல்லாம் உயிர் கொடுப்பது சோப்புக்கட்டி அளவில் நாலு செல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு பேட்டரி. எஞ்சின் மட்டும் தனி, எண்ணெயில் ஓடுவது. பேட்டரி செத்தாலும் எஞ்சினுக்கு அந்தத் துக்கச் செய்தி போகாது. அதனால் விமானம் விழும்போது முழு வேகத்தில் விழும்.

அந்த பேட்டரிக்கு ஆறு வயது. என் முதல் விமானத்துக்கு வாங்கியது. அது நொறுங்கியதும் இரண்டாவதுக்கு மாற்றினேன், பிறகு குத்தீஃபாவுக்கு. தலைநகர் தூனிஸ்காரர்கள் எங்கள் ஊர்க்காரர்களைக் கஞ்சர்கள் என்பார்கள். நாங்கள் அதைச் சிக்கனம் என்போம். ஒவ்வொரு ஞாயிறும் பறக்கவிடுமுன் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்ப்பேன். ஐந்து புள்ளி இரண்டு. குறிப்பேட்டில் எழுதுவேன். நன்றாக இருக்கும் பொருளை எதற்காகத் தூக்கிப் போடுவது?

முதல் தடவை விழுந்தது மார்ச் மாதத்தில், நல்ல காற்று நாளில். ஒரு பெரிய கரணம் அடிக்கவிட்டு, மேலே போய்த் தலைகீழாக வந்த விமானத்தை நிமிர்த்தப் பார்த்தேன். அது கேட்கவில்லை. கையிலிருந்த பெட்டியின் குச்சியை எல்லாப் பக்கமும் இழுத்தேன். வால் அசையவில்லை. குத்தீஃபா பொட்டலைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, ஒரு வீட்டுக் கொல்லைக்குள் இறங்கியது. சத்தம் வந்தது, அதன் பிறகு நூற்றுக்கணக்கான கோழிகளின் சத்தம் வந்தது.

அது நஸீஹா என்ற விதவைப் பெண்ணின் கோழிப் பண்ணை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் தீவன வாளியோடு நின்றார். கோழிக்கூட்டின் தகரக் கூரையில் என் இரண்டு குளிர்காலம் குத்திக்கொண்டு நின்றது.

"இது உங்களோடதா?" என்றார்.

"ஆமா, லல்லா. மன்னிச்சுக்கோங்க. கோழி ஏதாவது செத்துப்போச்சா?" எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களை லல்லா என்போம், ஆண்களை ஸி என்போம்.

"சாகல. ஆனா இன்னிக்கு முட்டை வைக்கும்னு எனக்குத் தோணல."

மன்னிப்புக் கேட்டு, கூரையை அடைத்துத் தருவதாகச் சொல்லி, உடைந்ததை வாரிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டு மாடியில் நாலு ஆள் உயரத்துக்கு ஒரு ஏரியல்.

"அது என்ன?"

"டெலிஃபோனுக்கு. கம்பி இல்லாம தோப்பு முழுக்க எடுத்துட்டுப் போகலாம். லிபியா சாமான் விக்கிற சந்தையில என் மருமகன் வாங்கிக் குடுத்தான். நான் காலைல பூரா கோழிக் கொட்டாய்லதான் கிடப்பேன். மக ஃபிரான்ஸ்லேர்ந்து கூப்பிட்டா காதுல விழணும்ல?"

எனக்குள்ளிருந்த பாதுகாப்புச் செயலாளர் எழுந்து நின்றார். தீவன வாளியைக் கீழே வைக்கச் சொல்லி, அந்த அம்மாளுக்கு முக்கால் மணி நேரம் மின்காந்த அலைகளைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அனுமதி இல்லாத சக்தி வாய்ந்த டெலிஃபோன் எப்படி என் அலையை மூழ்கடிக்கும், எப்படி ரிசீவர் செவிடாகும், இந்த விமானம் ஒரு மனிதர் தலையில் விழுந்தால் என்ன ஆகும். தரையில் கோழி எச்சத்துக்கு நடுவே குச்சியால் படமும் போட்டேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. படித்தவன் பேசும்போது கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர். நான் அதை என் வாதத்தின் பலம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப நான் என்ன செய்யணும், வாத்தியாரே?"

"ஞாயித்துக்கிழமை ஒம்போதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் பிளக்கைப் பிடுங்கி வச்சிருங்க. அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமைதான் மக கூப்பிடுவா."

"ஒரு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். போகும்போது ஒரு தட்டு முட்டையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பொட்டலுக்குத் திரும்பியதும் லஸாத் உடைந்த வயிற்றுக்குள் கைவிட்டு பேட்டரியை எடுத்துப் பார்த்தான்.

"இதப் பாத்தியா?"

"காலைல பாத்தேன். ஐந்து புள்ளி ரெண்டு."

"சும்மா படுத்துக் கிடக்கும்போது ஐந்து புள்ளி ரெண்டு. வேலை குடுத்துப் பாத்தியா? காத்துல நாலு மோட்டாரும் ஒண்ணா இழுக்கும்போது எவ்வளவு காட்டுது?"

"லஸாத், நான் பிசிக்ஸ் வாத்தியார்."

"தெரியும், ஸி ரவூஃப். அதான் பயமா இருக்கு."

ஒயரை மூட்டுவதும் கப்பல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தெரிந்தவனுக்கு ரேடியோ அலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். நல்லவேளை, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வருடம் நான் சொல்லாமல் விட்ட ஒரே முட்டாள்தனம் அதுதான்.

குத்தீஃபாவை ஒட்டித் திரும்பப் பறக்கவிட மூன்று வாரம் ஆயிற்று. பிறகு ஆறு ஞாயிறுகள் ஒரு குறையும் இல்லாமல் பறந்தது. ஆறும் காற்றில்லாத நாட்கள். புதிதாக ஒட்டிய விமானம் என்று நானும் கரணம் கிரணம் எதுவும் போடாமல், குழந்தையைத் தூங்க வைப்பதுபோல மெல்ல வட்டம் சுற்றவிட்டேன். இந்த இரண்டு விஷயங்களும் என் குறிப்பேட்டிலேயே, என் கையெழுத்திலேயே இருந்தன. ஆனால் கழகக் கூட்டத்தில் நான் போட்டுக் காட்டிய வரைபடத்தில் ஒரு கோடு டெலிஃபோனுக்கு, ஒரு கோடு விபத்துக்கு. டெலிஃபோன் இருந்தபோது விபத்து, இல்லாதபோது இல்லை. பல் வைத்தியர் கை தட்டினார். லஸாத் ஒலிவக் கொட்டையைத் துப்பிவிட்டு, "வரைபடம் ரொம்ப அழகா இருக்கு" என்றான்.

ஏழாவது ஞாயிறு காற்று அடித்தது. தைரியம் வந்திருந்தது. கரணம் அடிக்கவிட்டேன். அதே உயரம், அதே தலைகீழ், அதே செவிடு. இந்த முறை ஒரு ஒலிவ மரத்தில். வலது இறக்கை மட்டும் முழுசாகக் கிடைத்தது.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. ஏமாற்றப்பட்டவனின் கோபம் அது. அந்த அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, இறக்கையைக் கக்கத்தில் இடுக்கியபடி தோப்பு வழியே நடந்தேன். லஸாத் பின்னாலேயே வந்தான்.

"ரவூஃப், முதல்ல பேட்டரியப் பாப்போம்."

"பேட்டரியில ஒண்ணும் இல்ல."

"அந்த அம்மாகிட்ட கத்தாத."

"நான் எதுக்குக் கத்தப் போறேன்?"

கதவைத் தட்டிக் கத்தினேன். நஸீஹா மாவு படிந்த கையோடு வந்து திறந்தார்.

"லல்லா நஸீஹா, டெலிஃபோனப் போட்டீங்கதானே? ஒரு மணி வரைக்கும் வேண்டாம்னு சொன்னேன்ல?"

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் டெலிஃபோன் இருந்தது. ஒரு சமையல் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். துணிக்கு வெளியே பிளக் தொங்கியது.

"காலைல எட்டே முக்காலுக்கு முடிச்சுப் போட்டது," என்றார். "மறந்துபோய்க் கை வச்சிருவேனோன்னு ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் சுத்தி வைக்கிறேன். இன்னும் ஒரு மணி ஆகல, வாத்தியாரே."

அந்த நேரத்தில் வாசலில் மொபெட் ஒன்று வந்து நின்றது. சாலையோரத்து மளிகைக்கடைக்காரர். எஞ்சினை அணைக்காமலே பேசினார்.

"நஸீஹா அக்கா, உன் டெலிஃபோனுக்கு என்ன கேடு? பத்து மணிலேர்ந்து லியோன்லேர்ந்து உன் மருமகன் அடிக்கிறானாம். கடைசியில எங்கயோ நம்பர் வாங்கி என் கடைக்கு அடிச்சான். உன் மக ஹாஜருக்கு வலி வந்து ஆபரேஷன் பண்ணிட்டாங்க. பொண்ணு பொறந்திருக்கு."

"எட்டு மாசம்தானே ஆச்சு," என்றார் நஸீஹா.

"ரெண்டு பேரும் உசிரோட நல்லா இருக்காங்க. குழந்தைய கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களாம். ஹாஜர்தான் உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி ஒன்னோட பேசணும் பேசணும்னு அழுதுச்சாம். ரொம்ப நேரம் அடிச்சிருக்கான்."

நஸீஹா துணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மாவுக் கை வழுக்கியது. நான் உதவ ஒரு அடி எடுத்து வைத்தேன், கக்கத்தில் இருந்த இறக்கை கதவு நிலையில் இடித்து நின்றது. லஸாத்தான் என்னைத் தாண்டிப் போய் முடிச்சை அவிழ்த்து, பிளக்கைச் செருகிக் கொடுத்தான். அவர் எண்களை அழுத்தினார். மூன்றாம் தடவையில் லைன் கிடைத்தது. நாங்கள் வெளியே வந்துவிட்டோம். உள்ளே அவர் மருமகனிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது கேட்டது: "என்னத்தக் கேட்டா? என்கிட்ட என்ன பேசணும்னு அழுதா?"

லஸாத்தின் வேனுக்குத் திரும்பினோம். அவன் பின்கதவைத் திறந்து, ஒரு மோட்டார் சைக்கிள் பல்பை எடுத்து இரண்டு ஒயரை முறுக்கினான். உடைசலிலிருந்து பேட்டரியை எடுத்து, முதலில் வோல்ட் மீட்டரை மட்டும் வைத்தான். ஐந்து புள்ளி இரண்டு. என்னைப் பார்த்தான். பிறகு பல்பைச் சேர்த்தான். பல்பு மஞ்சளாக எரிந்தது, சிவந்தது. நாலு புள்ளி ஒன்று, மூன்று புள்ளி ஆறு. நான் பத்து எண்ணுவதற்குள் மூன்று புள்ளி ஒன்று. பல்பை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் முள் ஒன்றும் நடக்காததுபோல ஏறி, பழையபடி ஐந்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"வேலை குடுத்தா படுத்துக்குது. வேலை இல்லன்னா எழுந்து உக்காந்துக்குது," என்றான். "எங்க துறைமுக ஆபீஸ் அதிகாரி மாதிரி."

பிறகு கறுப்பு ஒயரின் தோலைக் கத்தியால் கீறினான். உள்ளே செம்பு இல்லை. கறுத்துப்போன ஏதோ ஒன்று பொடியாக உதிர்ந்தது. ஆறு வருடக் கடல்காற்று. காற்று நாளில், கரணத்தில், நாலு மோட்டாரும் ஒன்றாகப் பசியெடுக்கும் அந்த இரண்டு நொடியில் மட்டும் ரிசீவருக்குச் சோறு இல்லாமல் போயிருக்கிறது. மற்ற நேரமெல்லாம் எல்லாம் சரி. டெலிஃபோன் ஒரு பாவமும் அறியாது.

"ஏதாவது சொல்லேன்," என்றேன்.

"நான் என்ன சொல்றது, ஸி ரவூஃப்? நீ பிசிக்ஸ் வாத்தியார்."

மறுநாள் திங்கட்கிழமை. பாடத்திட்டம் இரக்கமில்லாதது. அன்றைக்குப் பாடம்: மின்கலத்தின் உள்மின்தடை. இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதும் வாக்கியத்தை எழுதினேன்: மின்சாரம் எடுக்காதபோது அளந்த வோல்ட்டை வைத்து ஒரு மின்கலத்தின் தரத்தைச் சொல்ல முடியாது. எழுதி முடித்த பிறகும் வகுப்பின் பக்கம் திரும்பத் தோன்றவில்லை. அந்த வாக்கியத்தை அழித்து, இன்னும் அழகான கையெழுத்தில் மறுபடி எழுதினேன்.

வீட்டில் லத்தீஃபாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"அடுத்த ஞாயிறு சொல்லலாம்னு."

"ஏன், அவங்க வீட்டுக்கு ஞாயித்துக்கிழமைதான் ரோடு போட்டிருக்கா?"

செவ்வாய்க்கிழமை மாலை போனேன். பேட்டரியையும் பல்பையும் எடுத்துப் போனேன், செய்து காட்ட. அப்போதும் செய்து காட்டத்தான் தோன்றியது எனக்கு. நஸீஹா முட்டைகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"லல்லா நஸீஹா, தப்பு உங்க டெலிஃபோன்ல இல்ல. என் பேட்டரியில."

"அப்ப டெலிஃபோன் ஒண்ணுமே பண்ணலயா?"

"இல்ல."

"மொதல் தடவையும்?"

"மொதல் தடவையும்."

ஒரு முட்டையைத் துடைத்து வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"அன்னிக்கு இங்க நின்னு அவ்வளவு நேரம் பேசினீங்களே. படமெல்லாம் போட்டீங்க."

"ஆமா."

"எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா இவ்வளவு தெரிஞ்சவர் சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன்." முட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "என் மக என்கிட்ட கேக்கிறா, ஏம்மா எடுக்கலன்னு. விமானத்துக்காகப் பிடுங்கி வச்சேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா. என்ன விமானம், ஏர்போர்ட்டு அங்க இல்லயேங்கிறா. நீங்களே சொல்லுங்க அவகிட்ட."

அவர் அதற்குள் எண்களை அழுத்திவிட்டார். இரண்டு வார்த்தை பேசி, டெலிஃபோனை என் கையில் கொடுத்தார். லியோன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், சோப்புக்கட்டி அளவு பேட்டரியில் தொடங்கிப் பேசினேன். ஆறு வருடம், ஐந்து புள்ளி இரண்டு, லஸாத் சொன்னது, நான் கேட்காதது, வரைபடம், கைதட்டு. எதையும் விடவில்லை. 

"அந்த விமானம் எவ்வளவு பெரிசு?" என்றாள்.

"ரெண்டு கையையும் விரிச்சா... அதைவிடக் கொஞ்சம் சின்னது."

"உள்ள ஆள் இல்லயா?"

"இல்லம்மா. நான் கீழே நிப்பேன்."

ஒரு விநோதமான சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பயந்தேன்.

"சிரிக்க வைக்காதீங்க," என்றாள். "தையல் போட்டிருக்கு." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள், "அம்மா சிரிக்கிறாங்களா?"

பார்த்தேன். "இல்ல," என்றேன்.

"அப்ப அவங்ககிட்ட குடுங்க."

நஸீஹா அதன் பிறகு வெகுநேரம் பேசினார். நான் தோப்பு வழியே திரும்பினேன். செய்து காட்டவில்லை, பல்பு சட்டைப்பையிலேயே இருந்தது.

கழகக் கூட்டத்தில் என் பழைய அறிக்கையையும் வரைபடத்தையும் ரத்து செய்து, புதிய அறிக்கை ஒன்றை எழுந்து நின்று வாசித்தேன். காரணம் என்ற இடத்தில் 'பாதுகாப்புச் செயலாளர்' என்று எழுதியிருந்தேன். ராஜினாமாவும் கொடுத்தேன். யாராவது ஒருவர் வேண்டாம் என்று தடுப்பார்கள் என்று எதிர்பார்த்ததை மறைக்க விரும்பவில்லை. பல் வைத்தியர், "ஏகமனதா ஏத்துக்கிறோம்," என்று முதலில் கை தூக்கினார். லஸாத்தைச் செயலாளராக்கினார்கள். அவன் அறிக்கை எதுவும் எழுதுவதில்லை. காலையில் எல்லோருடைய பேட்டரியையும் வாங்கிப் பல்பில் மாட்டி ஒரு நிமிடம் வைப்பான். பல்பு சிவந்தால் அந்த விமானம் அன்றைக்கு வேனிலேயே கிடக்கும். முதல் வாரமே மூன்று பேருடையது சிவந்தது. அதில் ஒன்று பல் வைத்தியருடையது.

ஆகஸ்டில் ஹாஜர் குழந்தையோடு வந்தாள். வருவாள் என்று தெரியும். பொட்டலுக்கு வருவாள் என்று நினைக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை தோப்புக்குள்ளிருந்து மூவரும் வந்தார்கள். ஹாஜர், அவள் தோளில் மூன்று மாதக் குழந்தை, வைக்கோல் தொப்பியை இறுக்கிப் பிடித்தபடி நஸீஹா. ஹாஜர் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "டெலிஃபோன்ல பேசினது நீங்கதானே? பறக்கவிடுங்க, பாக்கணும்," என்றாள்.

புதிய பேட்டரி. புதிய ஒயர். வலது இறக்கை தவிர மற்றதெல்லாம் கோடை விடுமுறையில் மறுபடி செய்தது. லஸாத் இரண்டு தடவை பல்பில் வைத்துப் பார்த்தான். குத்தீஃபா ஓடி, எழும்பி, ஒலிவ மரங்களுக்கு மேலே போயிற்று. கரணம் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை. எட்டு வட்டம் சுற்றிவிட்டு, குதிக்காமல், புரளாமல், புழுதி கிளப்பி வந்து இறங்கியது. ஹாஜர் சிரித்தாள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது, பார்க்கவில்லை.

நஸீஹா கண்ணுக்கு மேல் வைத்திருந்த கையை எடுத்தார். தரையில் நிற்கும் விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கா?" என்றார்.

"ஆமா, லல்லா," என்றேன். "இதுக்குத்தான்."